மார்க் ஷீட் சொல்லாததைச் சொல்லும் டிஜிட்டல் போர்ட்போலியோ

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்ததும் முதல் மாதம் என்ன நடக்கும்? பாட்டு, சினிமா, கல்யாண போட்டோக்கள், பிள்ளைகளுக்கு கேம்ஸ். இரண்டாவது மாதத்தில் கரண்ட் பில், ரயில் டிக்கெட் என்று கொஞ்சம் உருப்படியான வேலையும் சேரும். அதன் பிறகு ஒரு நாள் வீட்டில் யாராவது கேட்பார்கள்: "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, பிள்ளை படிப்புக்கு இதனால் என்ன பயன்?"

நியாயமான கேள்வி. அதற்கான ஒரு நல்ல பதிலை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். அதன் பெயர் டிஜிட்டல் போர்ட்போலியோ. இதற்காக எந்த சாப்ட்வேரையும் விலை கொடுத்து வாங்க வேண்டாம். புதிய போல்டர் உருவாக்கவும் பைலுக்குப் பெயர் வைக்கவும் தெரிந்தால் போதும். தெரியாதவர்களுக்கும் கவலை வேண்டாம், வழிமுறைகளைக் கீழே படிப்படியாகத் தந்திருக்கிறேன்.

போர்ட்போலியோ என்றால் என்ன?

ஓவியர், போட்டோகிராபர், ஆர்க்கிடெக்ட் போன்றவர்கள் வேலை கேட்டுப் போகும்போது கையில் ஒரு பெரிய அட்டைப் பை எடுத்துச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அதில் அவர்கள் செய்தவற்றில் தேர்ந்தெடுத்த சில மட்டும் இருக்கும். அந்தப் பைக்குத்தான் போர்ட்போலியோ என்று பெயர். பள்ளியிலும் இதே முறைதான். ஒரு மாணவர் எழுதியது, வரைந்தது, பேசியது, செய்தது ஆகியவற்றில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துக் காலவரிசையில் சேர்த்து வைத்தால் அது மாணவர் போர்ட்போலியோ. ஆசிரியர் தன் பாடத் திட்டம், வினாத்தாள், வகுப்பு அனுபவம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தால் அது ஆசிரியர் போர்ட்போலியோ. இவற்றைப் பேப்பராக வைக்காமல் கம்ப்யூட்டரில் பைல்களாக வைத்தால் டிஜிட்டல் போர்ட்போலியோ.

இப்போது நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஒவ்வொரு மே மாதமும் ஒரு வருட நோட்டுகள் கட்டாகக் கட்டப்பட்டுப் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று எடை போட்டு வாங்கிக்கொள்கிறார்கள். மிஞ்சுவது மார்க் ஷீட் ஒன்றுதான். பிள்ளை எந்த இடத்தில் தடுமாறினான், எப்போது சரி செய்துகொண்டான், எதை ஆசையாகச் செய்தான் என்பதெல்லாம் அந்தக் கட்டோடு போய்விடுகிறது.

ஆசிரியர்கள் நிலைமையும் இதுதான். முப்பது வருடம் பாடம் நடத்தியவர் ஓய்வு பெறும்போது, அவர் தயாரித்த வினாத்தாள்களும் விளக்கப் படங்களும் அலமாரியோடு பள்ளியிலேயே தங்கிவிடுகின்றன. அடுத்து வரும் ஆசிரியர் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

எங்கள் தொழிலில் இருந்து ஒரு பாடம்

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். எங்கள் தொழிலில் கிட் என்று ஒரு கருவி உண்டு. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் எழுதியது. ஒரு புரோகிராமில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு இது சேமித்து வைக்கும். ஆறு மாதத்துக்கு முன் அந்த புரோகிராம் எப்படி இருந்தது என்று எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் பார்க்கலாம்.

கிட்டில் ஒரு விதி உண்டு. மாற்றத்தைச் சேமிக்கும் முன் என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று சிறு குறிப்பு எழுத வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு இது வீண் வேலையாகத் தோன்றும். ஆனால் ஒரு வருடம் கழித்து ஏதாவது தகராறு வரும்போது எங்களைக் காப்பாற்றுவது அந்த ஒரு வரிதான். புரோகிராமைப் பார்த்தால் என்ன செய்தார்கள் என்று தெரியும். ஏன் செய்தார்கள் என்பது அந்தக் குறிப்பைப் படித்தால்தான் தெரியும்.

வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்முகத் தேர்வுகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மார்க் ஷீட்டை ஒரு நிமிடம் பார்ப்போம். அந்த மாணவர் தானாகச் செய்த ஒரு சின்ன புரோஜெக்டை எடுத்து வைத்து, "முதலில் இப்படிச் செய்தேன், இந்தக் காரணத்தால் மாற்றினேன்" என்று சொன்னால், அடுத்த அரை மணி நேரமும் அதைப் பற்றித்தான் பேச்சு.

பள்ளிப் பிள்ளைகளின் போர்ட்போலியோவுக்கும் இதே விதி பொருந்தும். ஒவ்வொரு பைலுக்கும் மூன்று விஷயம் கட்டாயம் வேண்டும்.

1. பிள்ளை செய்த வேலை
2. அதைச் செய்த தேதி
3. "இதை ஏன் எடுத்து வைக்கிறேன்" என்று அந்தப் பிள்ளையே எழுதிய இரண்டு வரி

மூன்றாவது இல்லாவிட்டால் அது வெறும் கிடங்கு. ஆயிரம் போட்டோக்கள் இருந்தாலும் பயனில்லை. மூன்றாவது இருந்தால் பத்து பைல்களே போதும். தன் வேலையைத் தானே திரும்பிப் பார்த்து, "போன தடவை இதில் சறுக்கினேன், இந்தத் தடவை சரியாக வந்தது" என்று ஒரு பிள்ளை எழுதும் அந்த நேரத்தில்தான் படிப்பு நடக்கிறது.

மாணவருக்கு என்ன லாபம்?

என் அக்கா திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. நான் இதைப் பற்றிச் சொன்னபோது, "தம்பி, ரெக்கார்டு எழுதவே நேரம் பத்தலை. இதையெல்லாம் யாருடா உட்கார்ந்து பார்ப்பாங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். "எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம்க்கா. வாசிப்பு மட்டும் எடுத்துக்கோ. ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிஷம்" என்றேன்.

அதன்படி 6ஆம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தை ஒரு நிமிடம் சத்தமாக வாசிப்பதை ஜூலையில் செல்போனில் பதிவு செய்தாள். டிசம்பரில் மறுபடியும் ஒரு நிமிடம். அவ்வளவுதான்.

அந்த வகுப்பில் ஒரு பையன். காலாண்டுத் தேர்விலும் அரையாண்டுத் தேர்விலும் தமிழில் ஏறக்குறைய ஒரே மார்க். ரேங்க் கார்டை மட்டும் பார்த்தால் அவன் இருந்த இடத்திலேயே இருக்கிறான். ஆனால் ஜூலைப் பதிவில் எழுத்தெழுத்தாகக் கூட்டி, இரண்டு வரி தாண்டுவதற்குள் நிமிடம் முடிந்துவிட்டது. டிசம்பரில் ஒரு பத்தியை நிறுத்தக்குறி பார்த்து வாசித்திருந்தான். எழுத்தில்தான் இன்னும் பிழை வருகிறது, அதனால் மார்க் ஏறவில்லை. அவனுடைய அப்பா கொத்தனார் வேலை பார்ப்பவர். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வந்தவருக்கு அக்கா இரண்டு பதிவுகளையும் போட்டுக் காட்டினாள். அவர் இரண்டாவது பதிவை இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டார். "டியூஷனை நிறுத்திரலாம்னு இருந்தேன் டீச்சர்" என்றாராம்.

மார்க் ஷீட் பொய் சொல்லவில்லை. தேர்வு நடந்த அன்றைக்கு எழுதிய தாளைப் பற்றி மட்டும்தான் அது பேசும். இடையில் ஐந்து மாதம் நடந்ததை அந்த இரண்டு ஒரு நிமிடப் பதிவுகள் சொல்லிவிட்டன. நோட்டுப் புத்தகத்தால் செய்ய முடியாத வேலை இது. இங்கேதான் கம்ப்யூட்டருக்கு உண்மையான பயன் இருக்கிறது.

ஆசிரியருக்கு என்ன லாபம்?

அக்கா கணக்குப் பாடமும் எடுக்கிறாள். 1/2, 1/3 இரண்டையும் கூட்டச் சொன்னால் 2/5 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டிவிடுவார்கள். அந்தப் பாடத்தில் நன்றாகச் செய்த ஒரு தாள், நடுத்தரமான ஒரு தாள், தவறாகச் செய்த ஒரு தாள் என மூன்றை மட்டும் பெயரை மறைத்து ஸ்கேன் செய்து, பாடத் திட்டத்தோடு ஒரே போல்டரில் போட்டு வைத்தாள். அடுத்த வருடமும் அதேபோல் வைத்தபோது அதே 2/5 வந்து நின்றது. இரண்டு வருடப் பாடத் திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்தால், இரண்டு முறையும் மீ.பொ.ம. விதியில்தான் பாடம் தொடங்கியிருக்கிறது.

இப்போது அவள் குறிப்பில் எழுதி வைத்திருப்பது இது: "அடுத்த முறை பேப்பரை மடித்துக் காட்டி ஆரம்பிக்க வேண்டும். 2/5 என்பது அரையை விடக் குறைவு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படி அரையை விடக் குறையும் என்று முதலில் கேட்க வேண்டும்."

ஆசிரியர் போர்ட்போலியோ என்பது வாங்கிய சான்றிதழ்களின் ஆல்பம் என்று பலர் நினைக்கிறார்கள். சான்றிதழும் இருக்கட்டும். ஆனால் அடுத்த வருடம் பாடத்தை மாற்றி அமைக்க உதவுவது அந்த மூன்று தாளும் ஒரு குறிப்பும்தான்.

அமெரிக்காவில் இது முறையாகவே நடக்கிறது. 1980களில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லீ ஷுல்மன் குழுவினர், ஆசிரியர்களை எழுத்துத் தேர்வால் மட்டும் அளக்க முடியாது என்று கூறி போர்ட்போலியோ முறையை ஆராய்ந்தனர். 1987ல் அங்கு ஆசிரியர் தரத்துக்கான தேசிய வாரியம் தொடங்கப்பட்டது. அதன் சான்றிதழ் பெற விரும்பும் ஆசிரியர் தன் வகுப்பின் வீடியோ, மாணவர்கள் செய்த வேலைகளின் மாதிரி, அவற்றைப் பற்றிய தன் அலசல் ஆகியவற்றைத் தர வேண்டும். அதே நாட்டில் அலாஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெலன் பாரட் 1990களிலிருந்தே எலக்ட்ரானிக் போர்ட்போலியோ பற்றி எழுதி வந்தவர். சேர்த்து வைக்கும் இடம் வேறு, பிறருக்குக் காட்டும் இடம் வேறு என்று அவர் பிரித்துச் சொன்னது நமக்கும் பயன்படும்.

மார்க் போட ஆரம்பித்தால்?

இவ்வளவு நல்லதாக இருந்தால் தேர்வுக்குப் பதிலாகவே போர்ட்போலியோவை வைத்துவிடலாமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1990களின் தொடக்கத்தில் 4, 8ஆம் வகுப்பு மாணவர்களின் கணக்கு, எழுத்துத் திறனை போர்ட்போலியோ கொண்டு மாநிலம் முழுவதும் மதிப்பிட்டது. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் அதை ஆராய்ந்தது. ஒரே போர்ட்போலியோவுக்கு இரண்டு ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண்கள் சரியாக ஒத்துப்போகவில்லை என்று 1992ல் தெரிந்தது. அதே சமயம், இதனால் தாங்கள் பாடம் நடத்தும் முறை மேம்பட்டது என்று ஆசிரியர்கள் கூறியதும் அந்த ஆய்வில் பதிவானது. கென்டக்கி மாநிலமும் எழுத்துப் போர்ட்போலியோவைப் பள்ளிகளை மதிப்பிடப் பயன்படுத்தி வந்து, 2009ல் அந்தக் கணக்கிலிருந்து நீக்கியது.

இதிலிருந்து தெரிவது என்ன? கற்றுக்கொடுக்க போர்ட்போலியோ நல்ல கருவி. முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் என்று வரிசைப்படுத்த அது சரியான தராசு இல்லை.

நம் நாட்டிலும் சி.பி.எஸ்.இ. 2019ல் கொண்டு வந்த முறையில் 10ஆம் வகுப்பு உள்மதிப்பீட்டுக்கான 20 மார்க்கில் 5 மார்க் போர்ட்போலியோவுக்கு ஒதுக்கப்பட்டது. தேசியக் கல்விக் கொள்கை 2020ம் முன்னேற்ற அட்டையில் மாணவரின் சுயமதிப்பீடு, போர்ட்போலியோ ஆகியவை இடம்பெற வேண்டும் என்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் 5 மார்க் என்றவுடன் இரவு பதினோரு மணிக்கு அம்மா உட்கார்ந்து கலர் பேப்பர் ஒட்டும் வேலையாக இது மாறிவிடக்கூடாது. பிள்ளை செய்த தவறும் அதில் இருக்கட்டும். தவறே இல்லாத போர்ட்போலியோவில் வளர்ச்சியையும் பார்க்க முடியாது.

நாமே தயாரிக்கலாம்: ஏழு படிகள்

இனி உங்கள் கம்ப்யூட்டரில் இதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டரை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

படி 1: டாக்குமென்ட்ஸ் போல்டரைத் திறந்து, காலி இடத்தில் ரைட் கிளிக் செய்யவும். மெனுவில் நியூ, பிறகு போல்டர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அதற்குப் பிள்ளையின் பெயரை வைக்கவும். தமிழிலேயே பெயர் கொடுக்கலாம்.

படி 2: அதற்குள் ஒவ்வொரு கல்வி ஆண்டுக்கும் ஒரு போல்டர். அதற்குள் "எல்லாம்", "தேர்ந்தெடுத்தவை" என இரண்டு போல்டர்கள். கிடைப்பதை எல்லாம் முதலாவதில் போடவும். மாதம் ஒருமுறை பிள்ளையை உட்கார வைத்து, அதிலிருந்து ஒன்றோ இரண்டோ மட்டும் இரண்டாவதற்கு காப்பி செய்யச் சொல்லவும். தேர்ந்தெடுப்பது பிள்ளையின் வேலை. நீங்கள் செய்ய வேண்டாம்.

படி 3: நோட்டுப் பக்கங்களை ஸ்கேன் செய்ய ஸ்கேனர் தேவையில்லை. ஆண்ட்ராய்டு போனில் உள்ள கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் வசதி உள்ளது. அது பக்கத்தின் ஓரங்களைச் சீராக்கி பி.டி.எப். பைலாகவே தந்துவிடும். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் வைத்து எடுத்தால் பென்சில் எழுத்தும் தெளிவாக வரும்.

படி 4: பைலுக்குப் பெயர் வைக்கும்போது தேதியை முதலில், ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதவும். எடுத்துக்காட்டாக, 2025-07-14 தமிழ் வாசிப்பு. இப்படி வைத்தால் பைல்கள் தானாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். நாளை முதலில் எழுதினால் ஜூலை 14க்குப் பக்கத்தில் மார்ச் 14 வந்து நிற்கும். பெயரை மாற்ற, பைலை ஒரு முறை கிளிக் செய்து எப் 2 கீயை அழுத்தவும்.

படி 5: நோட்பேடைத் திறந்து, "இதை ஏன் வைக்கிறேன்" என்ற குறிப்பைப் பிள்ளையே டைப் செய்யட்டும். அதே பெயரோடு "குறிப்பு" என்று சேர்த்து ஸேவ் செய்யவும். டைப் செய்யத் தெரியாத சின்னப் பிள்ளைகள் வாயால் சொல்லட்டும். விண்டோஸில் உள்ள சவுண்ட் ரெக்கார்டர் மூலம் பதிவு செய்துகொள்ளலாம்.

படி 6: வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை அப்படியே வைக்க வேண்டாம். அனுப்பும்போது அது படத்தின் தரத்தைக் குறைத்துவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொன்னால் அசல் தரத்தில் கிடைக்கும். கேபிள் மூலம் போனிலிருந்து நேராக காப்பி செய்தால் இன்னும் நல்லது.

படி 7: வருடக் கடைசியில் "தேர்ந்தெடுத்தவை" போல்டரை ரைட் கிளிக் செய்து, கம்ப்ரெஸ் என்பதன் மூலம் ஒரே ஜிப் பைலாக்கி எடுத்து வைக்கவும்.

இடம் எவ்வளவு வேண்டும் என்று பயப்பட வேண்டாம். வருடத்துக்கு 30 போட்டோ, ஒவ்வொன்றும் 4 எம்.பி. என்றால் 120 எம்.பி. ஒரு நிமிட ஒலிப்பதிவு சுமார் 1 எம்.பி., பத்துப் பதிவுக்கு 10 எம்.பி. வீடியோதான் இடத்தை விழுங்கும். நிமிடத்துக்கு 100 எம்.பி.க்கு மேலும் போகும், அதனால் வருடத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். மொத்தம் அரை ஜி.பி. 12 வருடப் பள்ளிப் படிப்பே 6 அல்லது 7 ஜி.பி.க்குள் அடங்கிவிடும்.

பாமினியில் அடித்த வினாத்தாள்

ஆசிரியர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். 2000களில் தமிழில் டைப் செய்து வைத்த வினாத்தாள்களும் குறிப்புகளும் உங்களிடம் இருக்கலாம். அவற்றைப் புதிய கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஏதோ ஒன்று தெரியும். பைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிட வேண்டாம்! பாமினி, டாம், டாப் போன்ற பழைய முறைகளில் ஒவ்வொரு பாண்டும் தமிழ் எழுத்துகளைத் தனக்கென ஒரு வரிசையில் வைத்திருந்தது. அந்த பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் தெரியாது. பழைய பாண்டிலிருந்து யுனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கன்வெர்ட்டர்கள் இன்டர்நெட்டில் கிடைக்கின்றன. எந்த பாண்ட் என்று மட்டும் தெரிந்துகொண்டு மாற்றிவிடலாம்.

தமிழக அரசு 1999ல் டாம், டாப் முறைகளைத் தரமாக அறிவித்திருந்தது. 2010ல் யுனிகோடை ஏற்றுக்கொண்டது. இனி டைப் செய்வதை எல்லாம் யுனிகோடிலேயே செய்யுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் லாங்குவேஜ் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்தால் தமிழ் 99 கீபோர்டு அதிலேயே உள்ளது.

எங்கே வைப்பது?

டிஜிட்டல் போர்ட்போலியோ என்றவுடன் பலரும் ஏதாவது ஓர் இணைய சேவையில் கணக்கு ஆரம்பித்து எல்லாவற்றையும் அங்கேயே ஏற்றிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள். இலவச இணையப் பக்கங்கள் தந்த ஜியோசிட்டீஸ் 2009ல் மூடப்பட்டது. வகுப்புப் பக்கங்களுக்காக ஆசிரியர்கள் பலர் நம்பியிருந்த விக்கிஸ்பேசஸ் 2018ல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019ல் போனது. பிளாஷ் 2020 இறுதியோடு நிறுத்தப்பட்டதால், மாணவர்கள் அதில் செய்த அனிமேஷன்கள் இன்றைய பிரவுசர்களில் ஓடுவதில்லை. சிடியில் எழுதி வைத்தவர்களுக்கு இன்னொரு சிக்கல்: இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்களில் சிடி டிரைவே இல்லை.

ஆகவே மூல பைல்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். எந்த சேவையையும் காட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். வைக்கும் பைல்களும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும் வகையாக இருக்கட்டும்: பக்கங்களுக்கு பி.டி.எப்., படங்களுக்கு ஜேபெக், ஒலிக்கு எம்.பி. 3, வீடியோவுக்கு எம்.பி. 4. பி.டி.எப். 2008 முதல் சர்வதேசத் தரமாகவே உள்ளது. ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கவில்லை.

பாதுகாப்புக்கு 3-2-1 விதி. 3 பிரதிகள், 2 வகை சாதனங்களில், 1 வீட்டுக்கு வெளியே. கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று என்றால் விதி பூர்த்தியாகிவிடும். கூகுள் கணக்குடன் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. இதற்குப் போதும்.

கூகுள் கணக்கில் இரண்டு எச்சரிக்கை. இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் முறையை கூகுள் 2023 டிசம்பர் முதல் கொண்டு வந்துள்ளது. எனவே அவ்வப்போது உள்ளே சென்று வாருங்கள். பள்ளி கொடுத்த கணக்கு என்றால், பள்ளி மாறும் முன் கூகுள் டேக்அவுட் மூலம் எல்லாவற்றையும் டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். டி.சி. வாங்கும் நாளில் இதையும் ஒரு வேலையாக வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கு மூடப்பட்டால் உள்ளே இருந்ததும் போய்விடும்.

யார் பார்க்கலாம்?

பிள்ளையின் போர்ட்போலியோவில் அதன் முகம், குரல், பள்ளியின் பெயர் எல்லாம் இருக்கும். அதை ஊருக்கே திறந்து வைக்கக்கூடாது. டிரைவில் ஷேர் செய்யும்போது, லிங்க் உள்ள யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற தேர்வை விட்டுவிட்டு, ரெஸ்ட்ரிக்டட் என்பதை வைத்து, பார்க்க வேண்டியவரின் இமெயிலை மட்டும் சேர்க்கவும்.

போட்டோக்களுக்குள் எடுத்த இடத்தின் விவரமும் மறைந்திருக்கலாம். வெளியே அனுப்பும் முன் பைலை ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் டேபுக்குச் சென்று, கீழே உள்ள ரிமூவ் பிராபர்ட்டீஸ் என்று தொடங்கும் லிங்க்கை கிளிக் செய்து நீக்கிவிடலாம்.

ஆசிரியர்கள் மாணவர் தாளை எடுத்து வைக்கும்போது பெயரையும் பதிவு எண்ணையும் மறைத்துவிட்டு ஸ்கேன் செய்யவும். முகமோ குரலோ இருந்தால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் பெறவும். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023ன்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தைதான். அவர்களின் விவரங்களைக் கையாளும் நிறுவனங்கள் பெற்றோரின் சம்மதம் பெற வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு பிள்ளை தடுமாறி வாசித்த பதிவு, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றினால் அந்தப் பிள்ளை இனி வாய் திறக்காது. அந்தப் பதிவு ஆசிரியர், பிள்ளை, பெற்றோர் மூவருக்கு மட்டும்தான்.

எப்போது தொடங்குவது?

ஜூனில் பள்ளி திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் நோட்டில் ஒரே ஒரு பக்கத்தைப் பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்து, தேதியோடு பெயர் வைத்து, "ஏன்" என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. பிள்ளைக்கு எழுத எதுவும் தோன்றாவிட்டால் இப்படிக் கேளுங்கள்: "இதையே மறுபடி செய்தால் எதை மாற்றுவாய்?"

ஆசிரியராக இருந்தால், இந்த மாதம் நடத்தும் ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாடத் திட்டம், மூன்று தாள், ஒரு குறிப்பு. அடுத்த வருடம் அதே பாடத்தைத் தொடங்கும் முன் அந்த போல்டரை ஒரு முறை திறந்து பாருங்கள். வகுப்புக்குள் எதை மாற்றிக்கொண்டு போக வேண்டும் என்று அதுவே உங்களுக்குச் சொல்லிவிடும்.